ஆறு வாரப் படிப்பும் ஆறாத வறுமையும்

வறுமையை ஒழிப்பது எப்படி என்று கற்றுத் தருகிறார்கள். ஆறு வாரத்தில் கற்றுத் தருகிறார்கள். சில இடங்களில் இரண்டே வாரத்தில்! படித்து முடித்தவர்க்குச் சான்றிதழ் உண்டு. அதில் பல்கலைக் கழகத்தின் முத்திரை உண்டு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். படிப்புக்குப் பெயர், பன்னாட்டு வளர்ச்சி இயல். படிக்கும் இடம், பெரும்பாலும் இங்கிலாந்து, ஆலந்து, அமெரிக்கா, கனடா. படிக்கப்படும் பொருளோ ஆப்பிரிக்காவின் பசி, ஆசியாவின் பிணி, தென் அமெரிக்காவின் நிலமற்றோர் நிலை.

பசி ஓரிடம், பாடம் ஓரிடம். இடையிலே கடல்!

இந்த விந்தையைப் பற்றித்தான் இன்று சிறிது சிந்திக்க வேண்டுகிறோம்.

"ஆறு வாரத்தில் என்ன கற்க முடியும்? ஏட்டுச் சுரைக்காய்தானே!" என்று எள்ளி நகையாடுவது எளிது. நாம் அப்படிச் சொல்லப் போவதில்லை. நெடுங்காலம் படித்தவர்களெல்லாம் நாட்டுக்கு நன்மை செய்துவிட்டார்களா? நாலாண்டு, ஆறாண்டு என்று படித்துப் பட்டங்களை அடுக்கிக்கொண்டு, பட்டிக்காட்டின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களைக் கண்டிருக்கிறோம். ஆறே வாரம் படித்துவிட்டு ஊரையே மாற்றிக் காட்டியவர்களும் உண்டு. ஆகவே படிப்பு குறுகியதா, நெடியதா என்பது நம் வழக்கல்ல. யாருக்குப் படிப்பு? படித்தபின் என்ன? இவ்விரண்டுதான் நாம் கேட்பது.

முதலில் இந்தப் படிப்பின் பூர்வீகத்தைப் பார்ப்போம். வெள்ளை வல்லரசு கொடிகட்டி ஆண்ட நாளிலே, குடியேற்ற நாடுகளுக்கு அதிகாரிகளாகச் செல்லவிருந்த இளைஞர்களுக்கு ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தனி வகுப்பு நடத்தினார்கள். ஆளப் போகும் மக்களின் மொழி கொஞ்சம், சட்டம் கொஞ்சம், வேளாண்மை கொஞ்சம். இரண்டாவது உலகப் போர் முடிந்ததும் அந்த வகுப்பு "டெவன்ஷயர் வகுப்பு" என்ற பெயரில் விரிந்தது. ஆள்வதற்குப் பயிற்சி! ஆளப்படுவோர் அந்த வகுப்பிலே பாடப்பொருள். பாடம் கேட்பவர் அல்லர்.

காலம் மாறிற்று. நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றன. 1949 சனவரி 20ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தமது பதவியேற்பு உரையிலே, வளர்ச்சி குன்றிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப அறிவைத் தருவோம் என்று நான்காவது அம்சமாக அறிவித்தார். "ஆட்சி" என்ற சொல் மெல்ல மறைந்தது. "வளர்ச்சி" என்ற சொல் மேடை ஏறிற்று. 1952ல் ஆலந்தின் ஹேக் நகரில் சமூக ஆய்வு நிறுவனம் தோன்றிற்று. 1958ல் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தில், புதிதாக விடுதலை பெறும் நாடுகளின் அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் பிரிவு எழுந்தது. 1966ல் சசெக்ஸ் பல்கலைக் கழக வளாகத்திலே வளர்ச்சி ஆய்வு நிறுவனம் பிறந்தது.

பழைய வகுப்பறையில் புதிய பெயர்ப்பலகை என்று சொல்லிவிடலாமா? முழுவதும் அப்படிச் சொல்வது நேர்மையாகாது. அங்கே நெஞ்சில் ஈரமுள்ள அறிஞர்கள் இருந்தார்கள். சசெக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநர் டட்லி சீர்ஸ், 1969ல் ஒரு கட்டுரையிலே மூன்று கேள்விகளைத் தொடுத்தார். ஒரு நாட்டில் வறுமை குறைந்திருக்கிறதா? வேலையின்மை குறைந்திருக்கிறதா? ஏற்றத்தாழ்வு குறைந்திருக்கிறதா? இம்மூன்றும் வளர்ந்திருக்கும்போது, தலைக்கு வருமானம் இரட்டிப்பாகிவிட்டது என்பதற்காக அதை வளர்ச்சி என்று அழைக்கலாமா என்று கேட்டார். நல்ல கேள்வி! புள்ளிவிவரப் புகையிலே முகம் மறைத்துக்கொள்ளும் எல்லா அரசுகளையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் கேள்வி நல்லதாக இருந்தால் போதுமா? அதைக் கேட்டுக்கொண்டு வகுப்பிலே அமர்ந்திருப்பவர் யார் என்று பார்க்க வேண்டாமா?

வகுப்பறைக் கதவுக்கு மூன்று பூட்டு. முதற் பூட்டு, கட்டணம். ஒரு வாரம், இரண்டு வாரம் நடக்கும் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பவுன் கேட்கிறார்கள், டாலர் கேட்கிறார்கள். இரண்டாவது பூட்டு, விசா. ஏழை நாட்டிலிருந்து வருகிறவன், தான் திரும்பிப் போய்விடுவேன் என்பதை வங்கிக் கணக்கைக் காட்டி மெய்ப்பித்தாக வேண்டும். மூன்றாவது பூட்டு, ஆங்கிலம். பசியைப் பற்றிப் பேச வேண்டுமானாலும் அந்த வகுப்பிலே ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும்!

"உதவித்தொகை இருக்கிறதே!" என்பர். இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தத் தொகை பெரும்பாலும் யாரைச் சென்று அடைகிறது? அரசு அலுவலரை, தொண்டு நிறுவன மேலாளரை, விண்ணப்பத்தை விவரமாக எழுதத் தெரிந்தவரை. அவர்கள் படிக்கக் கூடாது என்பதல்ல நம் பேச்சு. கூலிக்கு நாற்று நடும் பெண் அந்த விண்ணப்பத்தை எந்நாளும் கண்ணால் காணப் போவதில்லை. ஆனால் அவளுடைய வறுமைதான் அங்கே முதற் பாடம். இதைத்தான் சொல்கிறோம்.

"வேறு எப்படி ஐயா நடத்துவது? பல்கலைக் கழகம் என்றால் அப்படித்தான்" என்று தோள் குலுக்குவோர்க்கு ஒரு வரலாற்றை எடுத்துக் காட்ட விரும்புகிறோம். கற்பனையல்ல, கனடா நாட்டில் நடந்தது.

கனடாவின் கிழக்குக் கோடியில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம். அங்கே அன்டிகோனிஷ் என்ற சிற்றூர். அந்தச் சிற்றூரிலே புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக் கழகம். சுற்றுப்புறமெல்லாம் மீனவர், உழவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். மீனவரின் நிலை என்ன தெரியுமா? வலைக்கும் உப்புக்கும் மாவுக்கும் வணிகரிடம் கடன். கடனுக்கு ஈடாக மீன். மீனுக்கு விலை சொல்பவர் அதே வணிகர். நம் கடற்கரைக்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்லத் தேவையில்லை!

அந்தப் பல்கலைக் கழகத்தின் துணைத் தலைவராக இருந்தவர் ஜிம்மி டாம்ப்கின்ஸ் என்ற பாதிரியார். அறிவு பல்கலைக் கழகச் சுவருக்குள் சிறைப்பட்டுக் கிடக்கலாகாது என்றார். சொன்னதோடு நில்லாமல் 1921ல் "மக்கள் பள்ளி" ஒன்றைத் தொடங்கினார். குளிர்காலம், வேலை குறைந்திருக்கும் நேரம். சுமார் 50 பேர் வந்தார்கள். முன்படிப்பு கேட்கவில்லை, நுழைவுத் தேர்வு வைக்கவில்லை, கட்டணம் வாங்கவில்லை. இளைஞரும் வந்தனர், நடுவயது கடந்தவரும் வந்தனர். பொருளியல், கணக்கு, வேளாண்மை முதலியவற்றைப் பல்கலைக் கழகப் பேராசிரியர்களே கற்பித்தார்கள். எத்தனை நாள்? ஏறத்தாழ ஆறு வாரம்!

பார்த்தீர்களா? அதே ஆறு வாரம்தான். ஆனால் உள்ளே இருந்தவர் வேறு.

கதை அதோடு முடியவில்லை. டாம்ப்கின்ஸ் பாதிரியார் பல்கலைக் கழகத்தை விட்டுக் கான்சோ என்ற மீன்பிடி ஊருக்கு மாற்றப்பட்டார். மேலிடத்துக்கு அவரிடம் மனத்தாங்கல். தண்டனை என்று நினைத்து அனுப்பினார்கள், அதுவே வாய்ப்பாயிற்று. 1927 சூலை முதல் நாள், கனடா கூட்டாட்சியின் அறுபதாம் ஆண்டு விழா நாடெங்கும் கொண்டாடப்பட்டபோது, கான்சோ மீனவர்கள் கூடி, "எங்களுக்கு எதைக் கொண்டாடச் சொல்கிறீர்கள்?" என்ற பொருள்பட முழங்கினர். முழக்கம் தலைநகர் வரை எட்டிற்று. மீன்பிடித் தொழிலை ஆராய அரசு ஆணைக்குழு அமைத்தது. அதன்முன் சான்று சொன்னவர்களில் ஒருவர், அதே பல்கலைக் கழகத்தின் பேராசிரியரான மோசஸ் கோடி பாதிரியார்.

1928ல் பல்கலைக் கழகம் ஒரு விரிவாக்கத் துறையை அமைத்து, கோடியை அதன் தலைவராக்கிற்று. அவர் செய்தது என்ன? மக்களைப் பல்கலைக் கழகத்துக்கு அழைக்கவில்லை. பல்கலைக் கழகத்தை மக்களிடம் அனுப்பினார். ஊர்க் கூட்டம் போடுவார்கள்; பிறகு சிறு சிறு படிப்பு வட்டங்களாகப் பிரிவார்கள். வட்டம் கூடும் இடம் யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறை. விளக்கொளியிலே, அடுப்பின் கதகதப்பிலே, மீன் எவ்வளவுக்கு விற்றோம், நகரத்தில் அது எவ்வளவுக்குப் போகிறது, இடையில் உள்ளது எவர் கைக்குச் செல்கிறது என்று கணக்குப் போட்டார்கள். ஏட்டுக் கல்வி அல்ல, வீட்டுக் கணக்கு!

கணக்குப் போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? கான்சோவுக்கு அருகே லிட்டில் டோவர் என்ற சிற்றூரின் ஏழை மீனவர்கள், சிங்கிறாலைப் பதனிட்டு டப்பாவில் அடைக்கும் ஆலையைத் தாங்களே கட்டி எழுப்பினார்கள். 1930ல் மீனவர் கூட்டுறவு அமைப்பு உருவாயிற்று. கேப் பிரெட்டன் தீவின் சுரங்கத் தொழிலாளர்கள் தமக்கெனக் கடன் சங்கம் அமைத்து, சில்லறைக் காசைச் சேர்த்துச் சேர்த்து வட்டிக்கடைக்காரரின் வாசலைத் தாண்டினார்கள். 1930களில் இப்படி நூற்றுக்கணக்கான படிப்பு வட்டங்கள் நடந்தன. அந்த இயக்கம் வறுமை அனைத்தையும் வேரோடு பிடுங்கிவிட்டது என்று நாம் மிகைப்படுத்தவில்லை. ஏழை தன் நிலையைத் தானே படிக்கத் தொடங்கினான். படித்தபின் எழுந்து நடந்தான். அந்த அளவுக்கே சொல்கிறோம்.

1959ல், கோடி மறைந்த ஆண்டிலேயே, அவர் பெயரால் அந்தப் பல்கலைக் கழகம் ஒரு பன்னாட்டு நிறுவனத்தைத் தொடங்கிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே குறுகிய காலப் படிப்புப் படித்துத் திரும்பியிருக்கிறார்கள். ஊர்ப்பணி ஆற்றுவோரைத் தேடிச் சேர்க்கும் நல்ல நிறுவனந்தான். எனினும் ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள்: அன்று பல்கலைக் கழகம் மீனவன் வீட்டு அடுப்படிக்குச் சென்றது, பின்னரோ, தொலைதூர அடுப்படிகளின் சார்பாகச் சிலர் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார்கள். நல்ல நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், கட்டணத்தைக் குறியாக வைத்து நடக்கும் படிப்புகளின் நிலையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

தொலைவிலிருந்து வந்து பார்ப்பதன் தொல்லையை, அந்தத் துறைக்குள்ளேயே இருந்த ஒருவர் உடைத்துப் பேசினார். ராபர்ட் சேம்பர்ஸ் என்பவர். சசெக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர். 1970களில் நமது வடார்க்காட்டு ஊர்களில் நெல் விவசாயத்தை ஆராய்ந்த குழுவிலும் பணியாற்றியவர். 1983ல் எழுதிய நூலிலே, வல்லுநர்கள் கிராமத்தைப் பார்க்கும் விதத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். கார் செல்லும் சாலையோரத்து ஊரைப் பார்க்கிறார்கள். உள்ளே தள்ளியிருக்கும் ஊரைப் பார்ப்பதில்லை. மழையில்லாத மாதத்தில் வருகிறார்கள். நோயும் பசியும் மிகுந்த மழை மாதத்தில் வருவதில்லை. ஊர்ப் பெரியவரோடு பேசுகிறார்கள். பெண்ணிடமும் ஏழையிடமும் பேசுவதில்லை. இதற்கு அவர் வைத்த பெயர், வளர்ச்சிச் சுற்றுலா! வெளியார் சொன்ன வசை அல்ல இது. வீட்டுக்காரர் தாமே ஒப்புக்கொண்ட வாக்குமூலம்.

தொலைவு என்பது மைல் கணக்கு மட்டுமா? திரும்பி வராமல் இருப்பதும் தொலைவுதான். அதற்கு எதிர்ச் சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு 1915ல் பொருளியல் பேராசிரியராக வந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். மாணவர்களின் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, ஊர்களுக்குச் சென்று நிலம், கூலி, கடன் விவரம் எழுதிவரச் சொன்னார். 1918ல் அது நூலாயிற்று. அந்த ஊர்களில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. முதற்கணக்கு எடுத்தது 1916ல். பிறகு 1930களில் ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்றார்கள், 1961ல் சென்றார்கள், 1980களில் சென்றார்கள், இருவேல்பட்டுக்கு 2008லும் சென்றார்கள். 92 ஆண்டு! யார் நிலம் யார் கைக்கு மாறிற்று, பண்ணையாள் எப்போது பண்ணையாள் அல்லாதவன் ஆனான் என்பதெல்லாம் அதனால்தான் உலகுக்குத் தெரிந்தது. மாணவர் எடுத்த கணக்கு சிறிது. திரும்பத் திரும்பச் சென்ற பழக்கம் பெரிது. படிப்பு குறுகலாம், தொடர்பு குறுகக் கூடாது. அன்டிகோனிஷ் கற்றுத் தருவதும் இருவேல்பட்டு கற்றுத் தருவதும் இந்த ஒன்றைத்தான்.

இதை இப்போது ஏன் பேசுகிறோம்? காரணம் இருக்கிறது. வளர்ச்சி உதவி என்ற பெரும் வீட்டின் தூண்கள் சரிந்துகொண்டிருக்கின்றன. பிரிட்டன், நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 0.7 என்றிருந்த தன் உதவியை 2021ல் 0.5 ஆக்கிற்று, 2027ல் 0.3 ஆக்கப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அமெரிக்கா, 1961ல் அமைத்த தன் உதவி நிறுவனத்தை 2025 சூலையில் மூடி, எஞ்சிய பணியை வெளியுறவுத் துறையோடு சேர்த்துவிட்டது. மருந்து நின்றது, உணவு நின்றது. வெளிநாட்டு உதவியை நம்பிப் படித்த படிப்பும் அதனால் பிழைத்த வேலையும் ஆட்டங்கண்டு நிற்கின்றன. கொடுப்பவன் கையை மடக்கிக்கொண்டால் அந்தப் படிப்பால் என்ன செய்ய முடியும்? ஆனால் தன் சங்கத்தைத் தானே அமைக்கக் கற்றவனை எந்த நாட்டுத் தேர்தல் முடிவும் நட்டாற்றில் விட்டுவிட முடியாது!

"இணையவழிப் படிப்பு வந்துவிட்டதே, கதவு திறந்துவிட்டதே!" என்று சிலர் கூறுவர். ஓரளவு உண்மை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2017ல் தொடங்கிய வளர்ச்சிப் பொருளியல் படிப்பிலே, முன்பட்டம் இல்லாதவரும் வீட்டிலிருந்தே சேரலாம். கட்டணத்தை வருமானத்துக்கேற்ப வைத்தார்கள். அதை நடத்துவோரில், 2019ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் உண்டு. மனமாரப் பாராட்டுகிறோம். கட்டணப் பூட்டு தளர்ந்தது. விசாப் பூட்டும் தளர்ந்தது. மொழிப் பூட்டு? அது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அடுப்படியிலே பத்துப் பேர் கூடி, "நாளைக் காலை என்ன செய்வோம்?" என்று கேட்கும் அந்தக் கேள்வியைத் திரை கேட்குமா?

ஆகவே இந்தப் படிப்புகளை நடத்தும் பல்கலைக் கழகங்களிடம் மூன்று கோரிக்கை வைக்கிறோம். இடங்களில் பாதியையாவது, எந்த மக்களைப் பற்றிய பாடமோ அந்த மக்களுக்கே முழுச் செலவோடு ஒதுக்குங்கள். வகுப்பை அவர்கள் வாழும் நாட்டில், அவர்கள் பேசும் மொழியில் நடத்துங்கள். பேராசிரியர் விமானம் ஏறட்டும், மீனவனுக்கு விசா வேண்டாம். ஓராண்டு கழித்துத் திரும்பிச் சென்று, படித்தவர் ஊரில் என்ன மாறிற்று என்று கேட்டு, வந்த விடையை, அது கசப்பாக இருந்தாலும், அச்சிட்டு வெளியிடுங்கள்.

வெளிநாட்டாரிடம் கேட்டுவிட்டு நம் வீட்டைப் பாராமல் விடலாமா? தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. படகு கரையில், வலை பழுது பார்ப்பில், ஆட்கள் ஊரில். 61 நாளில் ஆறு வாரம் தாராளமாக அடங்கும்! நம் பல்கலைக் கழகம் ஒன்று அந்த நாட்களில் ஒரு குப்பத்துக்குச் சென்று, ஏலக்கூடத்து விலையையும், முன்பணம் தந்தவர் பிடித்துக்கொள்ளும் தொகையையும், டீசல் செலவையும், ஏற்றுமதியாளர் பெறும் விலையையும் கரும்பலகையிலே எழுதிக் காட்டி, "இந்தக் கணக்கை நீங்களே போடுங்கள்" என்று சுண்ணாம்புக் கட்டியை மீனவர் கையில், மீன் விற்கும் பெண்கள் கையில் கொடுத்தால் என்ன? தேர்வு வேண்டாம், கட்டணம் வேண்டாம், முன்படிப்பு வேண்டாம். 1921ல் பனி மூடிய ஓர் ஊரிலே முடிந்தது, வெயில் காயும் நம் கரையிலே முடியாதா?

"பேராசிரியர்களுக்கு அது விடுமுறைக் காலமாயிற்றே!" என்பீர்கள். ஆம், விடுமுறைதான். மீனவனுக்கும் அது விடுமுறைதான். ஆனால் அவனுக்குச் சம்பளமில்லாத விடுமுறை.

வறுமையைப் பற்றிப் படித்தவர்கள் உலகில் ஏராளம். வறியவர் படிக்க நடந்த படிப்புகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதற்கு ஆறு வாரமும், ஒரு கரும்பலகையும், மனமும் இருந்தால் போதும். முதலிரண்டும் நம்மிடம் இருக்கின்றன. மூன்றாவது இருக்கிறதா என்பதைப் பல்கலைக் கழகங்கள் சொல்லட்டும்!